வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: ஏஜென்ட் முதல் கணக்கு முடித்துத் திரும்புவது வரை

தமிழ்நாட்டிலிருந்து வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். பல பதில்களில் ஒரே விஷயம் திரும்ப வரும். வாயால் பேசிய சம்பளத்தை எந்த நாட்டு அதிகாரியாலும் வாங்கித் தர முடியாது. தாளில் எழுதியிருப்பதைத்தான் அவரால் வாங்கித் தர முடியும்.

ஏஜென்ட் உண்மையானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் யாராக இருந்தாலும், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் தருவது மத்திய வெளியுறவு அமைச்சகம். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இமைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் உரிமம் நடப்பில் உள்ளவர் யார், காலாவதியானவர் யார், நிறுத்தி வைக்கப்பட்டவர் யார் என்று தனித்தனியாகப் பார்க்கலாம்.

சுவரில் மாட்டியிருக்கும் உரிம எண்ணைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். அடுத்தவர் எண்ணைத் தன் விசிட்டிங் கார்டில் அச்சடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசுத் தளத்தில் அந்த நிறுவனத்துக்கு என்ன தொலைபேசி எண் போட்டிருக்கிறதோ அதில் கூப்பிட்டு, "இன்ன பெயரில் உங்கள் ஆள் ஒருவர் எங்கள் ஊரில் வேலைக்கு ஆள் எடுக்கிறாரா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

ஊரில் நமக்குத் தெரிந்தவர், சொந்தக்காரர், டிக்கெட் போடும் கடைக்காரர் என்று நடுவில் நிற்கும் சப் ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. நல்லவராகவே இருந்தாலும், பிரச்சினை வந்தால் அவரிடம் கொடுத்த பணத்துக்குக் கணக்கு இருக்காது.

தனியார் ஏஜென்ட் வேண்டாம் என்றால் தமிழ்நாடு அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. எல்லா வேலைக்கும் எல்லா நேரத்திலும் அங்கே இடம் இருக்காது. ஆனாலும் முதலில் அங்கே பதிந்து வைத்துவிட்டு மற்ற வழிகளைப் பாருங்கள். எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக இந்திய அரசு தரும் அனுமதி, கேட்கும் நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் இப்படிப்பட்ட அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும் என்பதே விதி.

எவ்வளவு பணம் கேட்டால் நியாயம்?

இந்திய ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீது கொடுத்தே வாங்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகச் சட்டத்தில் விசாச் செலவையும் ஆள் எடுக்கும் செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும்; அதைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ சம்பளத்தில் பிடித்தோ வாங்கக் கூடாது. சிங்கப்பூரில் உள்ள ஏஜென்சி, ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளமும் எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளமும் மட்டுமே வாங்கலாம். முதல் 6 மாதத்துக்குள் முதலாளியே வேலையை விட்டு நீக்கினால் அதில் பாதியைத் திருப்பித் தர வேண்டும்.

நடைமுறையில் லட்சக்கணக்கில் கைமாறுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கொடுப்பதா வேண்டாமா என்று தடுமாறுகிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் அங்கே உங்கள் சாப்பாடு, போன் செலவைக் கழியுங்கள். ஊரில் வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டிய தொகையையும் கழியுங்கள். மிச்சத்தால் கடனை வகுத்தால் எத்தனை மாதம் என்று தெரிந்துவிடும். அது ஒரு வருடத்தைத் தாண்டினால் அந்த வேலை உங்களுக்கு ஆபத்தானது. முதலாளி பெர்மிட்டை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். கடன் பாக்கி இருக்கிறவர் அதற்குப் பயந்து எந்த அநியாயத்தையும் வாய் திறந்து கேட்க மாட்டார்.

எப்படிக் கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள். "ரொக்கமாகத்தான் வேண்டும், ரசீது தர மாட்டோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈசிஆர் வகை. இப்படிப்பட்டவர் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ் வாங்க வேண்டும். அமீரகம், சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான் ஆகியவை அதில் சேரும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை.

பலர் இதைத் தொல்லையாக நினைத்து, "விசிட் விசாவில் ஏறிவிட்டால் கிளியரன்ஸ் கேட்க மாட்டார்கள்" என்ற பேச்சை நம்பிவிடுகிறார்கள். கிளியரன்ஸ் உங்களுக்கான பாதுகாப்பு. அது கிடைக்கும்போது உங்கள் ஒப்பந்தமும் முதலாளியின் விவரமும் இந்திய அரசின் பதிவில் ஏறிவிடும். பிறகு தூதரகத்துக்குப் போகும்போது நீங்கள் யார், எந்த நிறுவனம் என்பதைப் புதிதாக நிரூபிக்கத் தேவையில்லை. கிளியரன்ஸோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். அந்த பாலிசி நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பாலிசி இருப்பதே வீட்டாருக்குத் தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பார்கள்?

பிறகு பத்தாம் வகுப்பு பாஸ் செய்திருந்தால் சான்றிதழைக் காட்டி பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து, கிளியரன்ஸ் தேவைப்படாத ஈசிஎன்ஆர் வகையாக ஆக்கிக்கொள்ளலாம்.

"முதலில் விசிட் விசாவில் வா, அங்கே வந்ததும் மாற்றித் தருகிறேன்" என்கிறார்கள். போகலாமா?

போக வேண்டாம். விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகத்தில் சட்டவிரோதம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கப் போகிற இடத்தில் நீங்களே குற்றம் செய்தவராக நிற்பீர்கள். ஆள் பிடிப்பவருக்கும் இது தெரியும். அதனால்தான் இரண்டு மாதம் வேலை வாங்கிவிட்டுக் கைவிடுவது சுலபமாக இருக்கிறது.

"ஃப்ரீ விசா", "ஆசாத் விசா" என்று சொல்வதும் இதே கதைதான். அப்படி ஒரு விசாவே எந்தச் சட்டத்திலும் கிடையாது. ஒருவர் பெயரில் விசா எடுத்து, அவருக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு, வேறு இடத்தில் வேலை பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கஃபீல், அதாவது விசா எடுத்துக் கொடுத்தவர், மனம் மாறி "என் ஆள் ஓடிவிட்டான்" என்று புகார் எழுதினால் அன்றோடு முடிந்தது.

குவைத்துக்குப் போகிறவர்கள் விசாவின் எண்ணைக் கட்டாயம் பாருங்கள். 18 என்றால் தனியார் நிறுவன வேலை. 20 என்றால் வீட்டு வேலை. நம்மவர்கள் காதிம் விசா என்பது அதைத்தான். கடையில் சேல்ஸ்மேன், டிரைவர் என்று பேசிவிட்டு 20 போட்டு அனுப்பினால், அங்கே கம்பெனியில் வேலை பார்ப்பதே தப்பாகிவிடும்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, நல்ல சம்பளம், தேர்வே கிடையாது, டூரிஸ்ட் விசாவில் வா என்று டெலிகிராமிலோ முகநூலிலோ வரும் அழைப்பு இன்னும் கொடியது. இப்படிப் போனவர்களை எல்லை கடத்தி மியான்மர் போன்ற நாடுகளில் அடைத்து வைத்து இணைய மோசடி வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022 முதல் பலமுறை எச்சரித்திருக்கிறது.

ஆஃபர் லெட்டரில் எதைப் பார்க்க வேண்டும்?

மொத்தச் சம்பளத்தைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு முன் பார்க்க வேண்டியது பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம். ஓவர்டைம், பணிக்கொடை என்று பின்னால் வரும் எல்லாப் பணமும் அதை வைத்துத்தான் கணக்காகும்.

அமீரகத்தில் 1,600 திர்ஹம் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கம்பெனி 1,600ஐயும் பேசிக்காக எழுதுகிறது. இன்னொரு கம்பெனி 1,000 பேசிக், 600 அலவன்ஸ் என்று பிரிக்கிறது. கைக்கு வருவது இரண்டிலும் ஒன்றுதான். ஒரு மணி நேர ஓவர்டைம் என்பது பேசிக்கை 30 நாளாலும் 8 மணியாலும் வகுத்து 25 சதவீதம் கூட்டுவது. முதல் கம்பெனியில் அது 8.33 திர்ஹம். இரண்டாவதில் 5.21. மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் 125 திர்ஹம் வித்தியாசம். நான்கு வருடம் கழித்து வரும்போது பணிக்கொடை முதல் கம்பெனியில் 4,480, இரண்டாவதில் 2,800. ஆஃபர் லெட்டரில் ஒரே ஒரு வரியை எப்படி எழுதினார்கள் என்பதால் வந்த வித்தியாசம் இது. கையெழுத்துப் போடும் முன் கேட்டால் சில நேரம் மாற்றித் தருவார்கள். போட்ட பிறகு கேட்டால் எதுவும் நடக்காது.

அடுத்து, வேலையின் பெயர். வெல்டராகப் போகிறவருக்கு ஹெல்பர் என்று எழுதியிருந்தால் சம்பளமும் ஹெல்பருக்கு உரியதுதான். பிறகு சாப்பாடு, தங்குமிடம் யார் பொறுப்பு, வாரத்தில் எந்த நாள் லீவு, ஒப்பந்தம் எத்தனை வருடம், திரும்பி வர டிக்கெட் யார் தருவது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். "கம்பெனி விதிப்படி" என்று எழுதியிருந்தால் ஒன்றுமே எழுதவில்லை என்று பொருள்.

அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகத்தின் வழியாக வரும் ஆஃபர் லெட்டர்தான் செல்லும். அரபி, ஆங்கிலத்தோடு மூன்றாவதாகத் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் அது தரப்படுகிறது, அந்த மொழிகளில் தமிழும் உண்டு. தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பின்னால் போடும் ஒப்பந்தம் அந்த ஆஃபர் லெட்டரோடு ஒத்துப்போக வேண்டும், அதைவிடக் குறைக்கக் கூடாது.

சிங்கப்பூருக்கு ஐபிஏ வந்துவிட்டது. இதுவே போதுமா?

ஐபிஏ என்பது உங்களுக்குப் பெர்மிட் தரலாம் என்று மனிதவள அமைச்சு கொடுக்கும் முன் அனுமதிக் கடிதம். சிங்கப்பூர் போகிறவருக்கு இதைவிட முக்கியமான தாள் வேறு கிடையாது. அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், எதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒர்க் பெர்மிட்காரருக்கு அவருடைய தாய்மொழியில் உள்ள பிரதியையும் கிளம்பும் முன்னே அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "எல்லாம் சரியாக இருக்கு" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கடிதம் உண்மையா என்பதை அமைச்சின் இணையதளத்தில் சரிபார்க்க முடியும்.

ஏஜென்ட் 900 டாலர் சொல்லியிருப்பார், ஐபிஏயில் 500 இருக்கும். "மிச்சம் ஓவர்டைமில் வந்துவிடும்" என்பார். ஐபிஏயில் உள்ள 500தான் உங்கள் சம்பளம். அதற்குப் பிறகு முதலாளி அதைக் குறைக்க வேண்டுமானால் உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும், அமைச்சுக்கும் தெரிவிக்க வேண்டும். அதனால் அங்கே போய் இறங்கியதும் நீட்டும் தாள்களில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி என்ற வரியையும், 5,000 டாலர் செக்யூரிட்டி பாண்ட் என்ற பிணைத் தொகையையும் உங்கள் சம்பளத்தில் பிடிக்க முடியாது. "வேலையை விட்டால் 5,000 டாலர் நீ கட்ட வேண்டும்" என்று மிரட்டினால் அது பொய். வேலை தந்ததற்கோ பெர்மிட் புதுப்பித்ததற்கோ முதலாளியோ சூப்பர்வைசரோ பணம் கேட்டால் அது குற்றம்.

கிளம்பும்போது என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

உடை, மருந்து பற்றி வீட்டில் சொல்லியிருப்பார்கள். நாங்கள் சொல்வது தாள்கள் பற்றி. பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கம், விசா, ஆஃபர் லெட்டர் அல்லது ஐபிஏ, ஏஜென்ட் ரசீது, காப்பீட்டு பாலிசி, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தெளிவாகப் படம் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தாலும் அங்கிருந்து எடுக்கலாம். ஒரு செட் நகல் வீட்டில் இருக்கட்டும். கம்பெனியின் முழுப் பெயர், முகவரியை வீட்டில் ஒருவர் நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். "துபாயில் ஏதோ கம்பெனி" என்று மட்டும் தெரிந்த வீட்டாரால் அவசரத்தில் எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்க முடியாது.

ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப என்ஆர்இ கணக்கு தொடங்குங்கள்.

கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது. சட்டப்படி சரியா?

சரியில்லை. அமீரகம், சவூதி, கத்தார், சிங்கப்பூர் எல்லா இடத்திலும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது. விசா அடிக்க, பெர்மிட் எடுக்கச் சில நாள் வாங்கலாம். முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும். "பாதுகாப்புக்காக வைத்திருக்கிறோம்" என்றால், பூட்டக்கூடிய அலமாரி ஒன்று தரும்படி கேளுங்கள், பாஸ்போர்ட்டை நீங்களே வைத்துக்கொள்ளலாம். தர மறுத்தால் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். அதுவே பிறகு ஆதாரமாகும்.

எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்? ஓவர்டைம் எப்படிக் கணக்கு?

அமீரகத்தில் ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பொதுவாகக் கூடாது. அதற்குப் பேசிக்கில் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 மணி முதல் காலை 4 மணிக்குள் என்றால் 50 சதவீதம். ஷிப்ட் முறையில் வேலை பார்ப்பவருக்கு இந்த இரவுக் கூடுதல் பொருந்தாது. சவூதியிலும் 8, 48தான், ஓவர்டைமுக்கு 50 சதவீதம் கூடுதல்.

சிங்கப்பூரில் ஒரு நாளைக்கு 8, வாரத்துக்கு 44. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, மாதத்துக்கு 72 மணி வரை. உடலுழைப்புத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளம் 4,500 டாலருக்குள் இருந்தால் இது பொருந்தும். கணக்கு இப்படி: மாத அடிப்படைச் சம்பளத்தை 12ஆல் பெருக்கி, 2,288ஆல் வகுக்க வேண்டும். 2,288 என்பது 52 வாரம் பெருக்கல் 44 மணி. வருவதை ஒன்றரையால் பெருக்குங்கள். 800 டாலர் பேசிக் என்றால் ஒரு மணிக்கு 6.29 டாலர். 60 மணி பார்த்தால் 377 டாலருக்கு மேல் வர வேண்டும். பே ஸ்லிப்பில் 300 என்று இருந்தால் எங்கே போனது என்று கேட்கலாம். சம்பளம் மாதம் முடிந்து 7 நாளுக்குள்ளும், ஓவர்டைம் 14 நாளுக்குள்ளும் வர வேண்டும். விவரமான பே ஸ்லிப் தருவது கட்டாயம்.

இதெல்லாம் நடக்க உங்களிடம் உங்கள் கணக்கு இருக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, சைட் பெயர், வேலைக்கு ஏறிய நேரம், இறங்கிய நேரம், அன்று மேற்பார்வை பார்த்தவர் பெயர். அன்றன்றைக்கே எழுத வேண்டும். மூன்று மாதம் கழித்து மொத்தமாக உட்கார்ந்து எழுதினால் மையின் நிறமும் கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்து காட்டிக் கொடுத்துவிடும். டைம் கார்டில் கையெழுத்துப் போடும்போது அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடை வெயிலில் வெளியே வேலை செய்யச் சொல்கிறார்கள்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வெயிலில் வேலை வாங்கத் தடை. சவூதியில் அதே நாட்கள், 12 முதல் 3 வரை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மாலை 3.30 வரை. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, 11 முதல் 4 வரை. தலை சுற்றல், வியர்வை நின்றுபோவது, பேச்சு குழறுவது இவற்றில் ஏதாவது வந்தால் அப்போதே நிழலுக்குக் கொண்டுபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சைட் முடியட்டும் என்று காத்திருந்தால் உயிர் போய்விடும்.

இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறோம். புகார் கொடுக்காமல் கேம்பை விட்டு வெளியேறி வேறு இடத்தில் வேலைக்குச் சேராதீர்கள். அமீரகத்தில் தொடர்ந்து 7 நாள் வேலைக்கு வராவிட்டால் ஓடிப்போனதாக முதலாளி புகார் பதியலாம். பணம் தர வேண்டியவர் அவர், ஆனால் குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். நம்மவர்கள் "கல்லிவல்லி" என்று சொல்லும், முறையான தாள் இல்லாமல் ஒளிந்து வாழும் நிலைக்குப் பலர் வந்தது இந்த ஒரு அவசரத்தால்தான்.

அமீரகத்தில் தொழிலாளர் அமைச்சகத்தின் 80084 எண்ணிலோ அதன் செயலியிலோ புகார் பதியலாம். பேசித் தீர்க்க அமைச்சகம் 14 நாள் வரை எடுத்துக்கொள்ளும். 50,000 திர்ஹம் வரையிலான வழக்கில் அமைச்சகமே முடிவு சொல்லலாம். அதற்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். 1,00,000 திர்ஹம் வரையிலான வழக்குக்குத் தொழிலாளியிடம் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. வேலை முடிந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். பேச ஆள் வேண்டுமானால் துபாயில் இந்தியர்களுக்கான உதவி மையத்தின் 800 46342 இலவச எண் இருக்கிறது.

சிங்கப்பூரில் டாட்ம் என்று சொல்லப்படும் முத்தரப்புத் தகராறு நிர்வாக அமைப்பில் கோரிக்கை பதிய வேண்டும். இன்னும் வேலையில் இருந்தால், சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். வேலையை விட்டிருந்தால் கடைசி நாளிலிருந்து 6 மாதத்துக்குள். இந்த 6 மாதத்தைத் தவறவிட்டு ஊருக்கு வந்த பிறகு விசாரிக்கிறவர்கள்தான் அதிகம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண் 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

எந்த நாடானாலும் மூன்று மாதம், நான்கு மாதம் என்று காத்திருக்காதீர்கள். முதல் மாதச் சம்பளம் தவறியதும் எழுத்தில் கேளுங்கள். இரண்டாவது மாதமும் தவறினால் புகார். கம்பெனி திவாலாகிக்கொண்டிருந்தால் முதலில் போனவருக்குத்தான் ஏதாவது கிடைக்கும். இந்தியத் தூதரகத்துக்கான புகாரை மதத் என்ற அரசு இணையதளத்தில் வீட்டார் இங்கிருந்தே பதியலாம். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறையிலும் மனுக் கொடுக்கலாம்.

வேலையில் அடிபட்டுவிட்டது. லீவு எடுத்தால் அனுப்பிவிடுவார்களோ?

அந்தப் பயத்தில்தான் பலர் "ரூமில் விழுந்துவிட்டேன்" என்று டாக்டரிடம் சொல்கிறார்கள். அந்த ஒரு வாக்கியம் நஷ்டஈட்டைக் காலி செய்துவிடும். வேலையில் பட்ட அடி என்றால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், அவர் அதை எழுதினாரா என்று பாருங்கள். இடத்தை, இயந்திரத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கூட இருந்த இருவரின் போன் எண்ணை வாங்கி வையுங்கள்.

சிங்கப்பூரில் தப்பு யாருடையது என்று பார்க்காமலே நஷ்டஈடு உண்டு. ஒரு வருடத்துக்குள் கோர வேண்டும். மருத்துவ விடுப்பில் முதல் 14 நாள் முழுச் சம்பளம், மருத்துவமனையில் படுத்திருந்தால் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்குப் பிறகு விபத்து நடந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு. அமீரகத்தில் சிகிச்சைச் செலவு முதலாளி பொறுப்பு. 6 மாதம் வரை முழுச் சம்பளம், அதற்கு மேல் இன்னும் 6 மாதம் பாதிச் சம்பளம்.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு என்ன விதி?

ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயது முடிந்திருந்தால்தான் அந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போகலாம். அதுவும் அரசு நிறுவனங்கள் வழியாக. வயதைக் கூட்டி எழுதியோ விசிட் விசாவிலோ அனுப்புகிறேன் என்பவரை நம்பாதீர்கள். போன பிறகு அந்தப் பெண்ணைத் தேட அரசிடம் எந்தப் பதிவும் இருக்காது. அமீரகத்தில் வீட்டு வேலையாளுக்குத் தனிச் சட்டம் 2022இல் வந்தது. நாளுக்கு 12 மணி நேர ஓய்வு, அதில் தொடர்ந்து 8 மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவு, வருடம் 30 நாள் விடுப்பு. சிங்கப்பூரில் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது கட்டாயம் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குப் பதில் பணம் கொடுத்து வேலை வாங்கக் கூடாது.

போனை வாங்கி வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. அதனால் தூதரக எண்ணையும் வீட்டு எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டு போகச் சொல்லுங்கள்.

முதலாளி சம்மதிக்காமல் வேறு கம்பெனிக்கு மாற முடியுமா?

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட் முடிய 40 நாள் முதல் 21 நாள் வரை இருக்கும் இடைவெளியில், புது முதலாளி இருந்தால் பழையவர் சம்மதம் இல்லாமலே மாறலாம். அந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஒரு நாள் தாண்டினாலும் வாய்ப்பு போச்சு. கத்தாரில் பழைய முதலாளியிடம் தடையில்லாச் சான்று வாங்கும் கட்டாயம் 2020இல் நீங்கியது. அமீரகத்தில் நோட்டீஸ் காலத்தை முடித்துவிட்டு மாறலாம். சோதனைக் காலம் அதிகபட்சம் 6 மாதம். அதற்குள் அங்கேயே வேறு கம்பெனிக்குப் போவதானால் ஒரு மாதம், ஊருக்குத் திரும்புவதானால் 14 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

வேலையை முடித்து ஊருக்கு வருகிறேன். என்ன பணம் வர வேண்டும்?

அமீரகத்தில் ஒரு வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை உண்டு. முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள் பேசிக். நீங்களே ராஜினாமா செய்தாலும் குறையாது. எடுக்காத விடுப்புக்கான பணமும் சேர்த்து 14 நாளுக்குள் தர வேண்டும். சவூதியில் முதல் 5 வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், பிறகு முழு மாதம். ஆனால் அங்கே ராஜினாமா செய்தால் கணக்கு மாறும். 2 வருடத்துக்குள் என்றால் ஒன்றுமில்லை, 5 வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 10 வரை மூன்றில் இரண்டு பங்கு, 10 வருடம் ஆனால்தான் முழுசாக. நாலே முக்கால் வருடத்தில் கோபத்தில் ராஜினாமா எழுதுகிறவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

கிளம்பும் நாளில் ஏர்போர்ட் வண்டி வாசலில் நிற்கும்போது, "எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை நீட்டுவது பழைய வழக்கம். அது அரபியில் இருந்தால் மொழிபெயர்ப்பு கேளுங்கள். பணம் கணக்கில் ஏறும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் "பணம் இன்னும் வரவில்லை" என்று தமிழிலாவது எழுதி, தேதி போட்டு, படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன் கடைசி ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு மூடிய பிறகு அதை வாங்குவது கஷ்டம்.